எல்லைக்கல்லில் போட்ட மேசை

மேசைக்கு நான்கு கால்கள். இரண்டு அரசாங்க ரோட்டில் நின்றன. மற்ற இரண்டும் தோட்டத்து மண்ணில் நின்றன. நடுவில், மேசைக்கு நேர் கீழே, நில அளவைக்காரர் நட்ட எல்லைக்கல் பாசி பிடித்துக் கிடந்தது.

ரோட்டுப் பக்கம் நாற்காலியில் நான். தோட்டத்துப் பக்கம், நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மணிக்கட்டில் மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டிய ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெயர் வீரையா. எங்களுக்கிடையே ஒரு படிவம், ஒரு மைப்புட்டி, ஒரு பேனா. மூடுபனி மலையிலிருந்து இறங்கி, கேட்காமல் கொள்ளாமல் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மட்டும்தான் அங்கே அந்தச் சலுகை.

கொழுந்து லொறி ஒன்று வந்து நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி, "என்னங்க ஐயா, நடுரோட்டுல கந்தோரா?" என்றார்.

"கலைவிழா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கையின் மடுல்சீமை மலையில், தேயிலைத் தோட்டமொன்றின் வாசல். அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதுளையில் ஒரு கல்விக் கந்தோரில் எழுதுவினைஞனாயிருந்த நான் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்வதானால், முதலில் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

கூடாரத்துக்கு வந்த மூவர்

பதுளையில் அந்தக் காலத்தில் நாங்கள் சிலர் கூடி ஆண்டுக்கொரு கலைவிழா நடத்தினோம். வெள்ளி, சனி இரண்டு நாள். வயலின், வாய்ப்பாட்டுப் போட்டிகள், ஒரு நாடகம், நீண்ட நன்றியுரை. மேடையில் இருந்தவர்களும் மேடைக்கு முன்னால் இருந்தவர்களும் அநேகமாக ஒரே குடும்பங்கள்.

பதுளையைச் சுற்றி மலைமலையாகத் தமிழ்ச்சனம் இருக்க, விழாவில் ஒரு தோட்டத்து முகம்கூட இல்லையே என்று யாரோ கேட்டுவிட்டார்கள். கேட்டவர் அதோடு வீட்டுக்குப் போய்விட்டார். செய்கிற வேலை செயலாளரான என் தலையில் விழுந்தது.

நான் ஒரு கல்விக் கூடாரம் போட்டேன். தோட்டப் பெற்றோர் வந்து பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி விசாரிக்கலாம் என்று பலகை எழுதி மாட்டினேன். முதலாம் ஆண்டு அதற்குள் வந்தவர்கள் மூவர். மழைக்கு ஒதுங்கிய பஸ் கண்டக்டர் ஒருவர். கூடாரத்தைத் தேநீர்க்கடை என்று நினைத்த பொலிஸ்காரர் ஒருவர். மூன்றாவதாக வந்தது ஒரு பசு.

அடுத்த ஆண்டு விடுவதாக இல்லை. நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றின் வாசலில் ஆறுமாதம் ஏறி இறங்கி, விடுதியில் ஓர் இடம் வாங்கினேன். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளைக்கு, ஐந்து ஆண்டு படிப்பும் சாப்பாடும் இலவசம். ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பாடசாலைகள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளையின் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவில், ஏறும். முதுகில் கூடை ஏறும்.

அத்தோடு நான் நின்றிருக்கலாம். கூடாரம் மறுபடியும் காலியாகக் கிடக்கக்கூடாது என்பதற்காக ஒரு விதி சேர்த்தேன்: தெரிவாகும் பிள்ளையின் தந்தை, விழா நடைபெறும் இடத்துக்கு நேரில் வந்து, அலுவலர் முன்னிலையில், சனிக்கிழமை நான்கு மணிக்குள் படிவத்தில் ஒப்பமிட வேண்டும். தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

நல்ல விதி. நானே எழுதியது. ஓர் ஓட்டை இல்லை.

நாள் பார்த்த கதை

விழாவுக்கு நாள் குறித்ததும் நான்தான். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ராகுகாலம் தவிர்த்தேன். பௌத்தர்களின் போயா தினம் தவிர்த்தேன். பாடசாலைப் பரீட்சை, நீதிமன்றத் தவணை, துரைமார் கிளப்பின் கிரிக்கெட், எங்கள் தலைவரின் மருமகளுக்குப் பிரசவம் எதிர்பார்த்த வாரம், எல்லாவற்றையும் தவிர்த்தேன். கடைசியில் பங்குனியில் ஒரு வெள்ளியும் சனியும் மிஞ்சின.

தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா வருமென்று எனக்குத் தெரியும். எந்தத் தோட்டத்தில் எப்போது என்பது எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்காது. அந்தந்தத் தோட்டத்தார் கூடிப் பேசி, தோட்டத்தை நடத்தும் துரையிடம் லீவு கேட்டு வைப்பது. அவர்களுக்காக நடத்துகிற விழாவுக்கு அவர்களிடம் நாள் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கந்தோரில் இருபது வகைப் படிவங்கள் இருந்தன. அந்தக் கேள்விக்குப் படிவம் இல்லை.

பாடசாலைகளில் வைத்த சோதனையில் முதலாவதாக வந்த பிள்ளை மடுல்சீமைப் பக்கத்து முத்துலெட்சுமி. பன்னிரண்டு வயது. அவளுடைய தகப்பன்தான் வீரையா. அந்த ஆண்டு அவர் தோட்டத்துக் கோயிலில் கரகம் எடுக்க நேர்ந்துகொண்டவர். விழாவுக்கு மூன்று நாள் முன்னதாக அவர் கையில் காப்புக் கட்டியாயிற்று.

மஞ்சள் துண்டை நூலில் முடிந்து மணிக்கட்டில் கட்டுவதுதான் காப்பு. கட்டியவர் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டமாட்டார். மற்றவர்கள் அவசரத்துக்குத் தாண்டலாம். இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். திருவிழா முடிவது அடுத்த புதன்கிழமை. என் விதி முடிவது சனிக்கிழமை நாலு மணி.

காளியம்மா கேட்ட கேள்வி

இது எனக்குத் தெரியவந்தது வெள்ளிக்கிழமை பகல், முத்துலெட்சுமியின் தாய் காளியம்மா கூடாரத்துக்குள் வந்தபோது. கூட வந்தவர் தோட்டப் பாடசாலையின் ஒரே ஆசிரியர் அருளானந்தம். அந்த ஆண்டு கூடாரத்தின் முதல் விருந்தினர்கள் அவர்கள்தான். பக்கத்து மேடையில் ஒரு பிள்ளை வயலினை வருத்திக்கொண்டிருந்தது.

காளியம்மா வெளுத்த சேலையில், தலையில் முக்காடோடு, பஸ் தூசி முகத்தில் அப்பியிருக்க நின்றார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நான் கைநாட்டு வைக்கிறேங்க" என்றார்.

"இருங்கோ அம்மா" என்றேன். "இதிலை தகப்பன்தான் வைக்கவேணும். தகப்பன் இல்லையெண்டால் மட்டுந்தான் மற்ற ஆக்கள்."

"பெத்தவ வச்சா செல்லாதுங்களா?"

"படிவத்திலை அப்படி இல்லை."

"அந்தப் படிவத்த யாரு பெத்தாங்க?"

அருளானந்தம் இருமினார். விதியில் தந்தை என்று நான் எழுதியதும் பாடசாலையின் படிவத்தைப் பார்த்துத்தான். அதில் ஓர் எழுத்தை மாற்றவும் எனக்கு அதிகாரம் இல்லை. அதை விளக்கினேன். சரியான விளக்கம்தான். சொல்லி முடித்தபோது எனக்கே பிடிக்கவில்லை.

"அப்ப நீங்க வாங்க ஐயா" என்றார் காளியம்மா. "அவரு லயத்து வீட்டுலதான் இருக்காரு. ஓடியா போயிடுவாரு?"

அதுவும் சுலபமில்லை. தோட்டத்துக்குள் துரை வைத்ததே சட்டம். அவர் அனுமதியில்லாமல் வெளியாள் உள்ளே காலெடுத்து வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கக்காரர்களைத் தடுக்க வைத்திருந்த வேலி அது. கந்தோர் டெலிபோனில் தோட்டத்தைக் கூப்பிட்டேன். பெரிய கிளாக்கர் எடுத்தார், துரையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"துரை வேண்டாமென்கிறார். கலையென்று வருவீர்களாம், சங்கம் பேசிவிட்டுப் போவீர்களாம்."

"நான் அரசாங்க உத்தியோகத்தன். சங்கத்துக்கும் எனக்கும் என்ன?"

"அதையும் சொன்னேன். அப்படியானால் இன்னும் ஆபத்து என்கிறார்."

கூடாரத்துக்குத் திரும்பினேன். வீரையா வெளியே வரமாட்டார். நான் உள்ளே போக முடியாது. எங்கள் குழுவின் காத்திருப்புப் பட்டியலில் அடுத்த பெயர், பதுளைக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகள். கங்காணி, வழக்கறிஞரான எங்கள் தலைவரின் கட்சிக்காரர், வழக்குகள் பல உள்ளவர். அவர் ஏற்கெனவே புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

காளியம்மா கூடாரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சித்திரையில புள்ள பேரு செக்ரோல்ல ஏறிடுங்க" என்றார். அழவில்லை. தகவலாகச் சொன்னார்.

"தோட்டத்து எல்லை சரியாய் எவடத்திலை?" என்று கேட்டேன்.

"ரோட்டோரத்துல கல்லு நட்டிருக்குங்க."

"அந்தக் கல் வரைக்கும் வீரையா வரலாமோ?"

"கல்லு வரைக்கும் வரலாம். தாண்டத்தான் கூடாது."

"ரோட்டிலை நான் நிக்கலாம். அது துரையின்ரை இல்லை, அரசாங்கத்தின்ரை." அருளானந்தம் என்னை உற்றுப் பார்த்தார். "ஆனால் அது விழா நடக்கிற இடமாய் இருக்கவேணும். அதுக்கு அங்கே ஒரு கலை நிகழ்ச்சி நடக்கவேணும்."

"முளைப்பாரிக்கு நாங்க தெனமும் கும்மி அடிக்கிறோம்" என்றார் காளியம்மா. "எங்க அடிச்சா என்ன? பகல் கொழுந்து நிறுத்த பெறகு கல்லுகிட்ட வந்து அடிக்கிறோம்."

"நாளைக்கு மத்தியானம் வாறன்" என்றேன்.

என் உத்தியோக வாழ்க்கையில் அதிகாரம் கைக்கு வருமுன் கொடுத்த ஒரே வாக்குறுதி அது. அவர்கள் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

சுற்றுக்கு விட்ட தாள்

விதியை மாற்றக் குழுக் கூட்டம் வேண்டும்; அதைக் கூட்ட மூன்று நாள் அறிவித்தல் வேண்டும். ஆனால் விதியைத் தொடாத அவசர விஷயங்களைத் தாளில் எழுதிச் சுற்றுக்கு விட்டு, பெரும்பான்மையோர் ஒப்பமிட்டால் அது தீர்மானமாகும் என்று எங்கள் யாப்பில் ஒரு பிரிவு இருந்தது. இதுவரை ஒருவரும் பயன்படுத்தாத பிரிவு. அதை வாசித்திருந்தவனும் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கே தாளோடு நின்றேன். "விழா நடைபெறும் இடங்களில் மடுல்சீமை ரோட்டு எல்லைக்கல் அருகும் ஒன்றாகும்." ஒருவர் உழுந்துவடை தின்றபடி ஒப்பமிட்டார்; எண்ணெய்க் கறை கோப்பில் கடைசிவரை இருந்தது. ஒருவர் ஒலிபெருக்கிக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டே, தாளைப் பாராமல் ஒப்பமிட்டார். இன்னொருவர் முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு, "இதைப் போன வருசமே செய்திருக்கவேணும்" என்றார். ஒன்பதரைக்குப் பெரும்பான்மை கிடைத்துவிட்டது.

தலைவர் தொழிலால் பிரக்கிராசியார். வழக்கு இல்லாத நேரங்களில் நல்ல மனிதர். தாளை மூக்குக்கண்ணாடிக்குக் கீழாகப் பார்த்தார்.

"என்ன ஐசே, நீர் றோட்டிலை மேசை போடப்போறீரோ?"

"ஓம், ஐயா."

"போட்டி இல்லாத இடம் விழா இடமாகாது. நடுவர் இல்லாமல் போட்டியும் இல்லை. நடுவருக்கு எங்கை போவீர்? இண்டைக்கு ஒருத்தரும் இங்கையிருந்து அசையேலாது."

"நடுவர், எங்கடை குழு நியமிக்கிற எவராயும் இருக்கலாமெண்டு விதி. இரண்டாவது தாளும் ஒப்பமாயிட்டுது."

இரண்டாவது தாளில் நடுவராக நியமிக்கப்பட்டிருந்தவர் எங்கள் கந்தோர்ப் பியோன் பியதாச. ஊரில் பௌத்தப் பன்சலையில் மேளம் அடிக்கிறவர். தாளம் பிழைத்தால் முகம் சுளிக்கிறவர். முந்தின நாள் மேடையில் வயலின் வாசிக்கப்பட்ட நேரம் முழுவதும் அவர் முகம் சுளித்தபடியே இருந்ததை நான் கவனித்திருந்தேன்.

தலைவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "நாலு மணி" என்றார். "ஒரு நிமிசம் பிந்தினாலும் இடம் அடுத்த பிள்ளைக்கு. அது நீர் எழுதின விதி."

வாடகைக் காரின் கூரையில் மேசையைக் கயிற்றால் கட்டினோம். பசறை தாண்டியதும் ரோடு மோசமானது. ஒவ்வொரு வளைவிலும் மேசை கூரையில் இருந்து ஒரு முனகல் போட்டது. பியதாச ஜன்னலால் கையை விட்டு அதன் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

நாங்கள் போனபோது பகல் நிறுவை முடிந்திருந்தது. பெண்கள் வெறுங்கூடைகளைத் தேயிலைச் செடிகளின்மேல் கவிழ்த்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கோடே கல்லுக்கு உட்புறம் வட்டம் கட்டினார்கள். தப்பு அடிக்கிறவர்கள் சருகு கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை ஒருவர் குடையோடு சற்று மேலே நின்றார்.

"துரைகிட்டச் சொல்லுவீங்களா?" என்று காளியம்மா அவரை நேராகவே கேட்டார்.

"என்னத்தச் சொல்ல?" என்றார் கணக்கப்பிள்ளை. "உள்ள நிக்கிறது நம்ம ஆளுங்க. வெளிய நிக்கிறவங்கள நான் ஏன் பார்க்கணும்? சாப்பாட்டு நேரம் முடியிறதுக்குள்ள ஆடி முடிங்க."

கும்மி தொடங்கியது. அதைப்பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. முந்தின நாள் மேடையில் கேட்ட எதுவும் என் காலை அசைக்கவில்லை. அங்கே நாற்காலிக்குக் கீழே என் சப்பாத்து தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. நடுவர் முகம் சுளிக்கவில்லை. புள்ளித்தாளில் ஒரே ஒரு சிங்களச் சொல் எழுதினார். 'நல்லது' என்று அர்த்தம்.

பிறகு வீரையா மேசைக்கு வந்தார். மெலிந்த மனிதர். திருவிழா விரதத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. படிவத்தை அருளானந்தம் வாசிக்க, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கடைசி வரிக்கு முதல் வரியில் தலையாட்டம் நின்றது.

"அத இன்னொருக்கா படிங்க, வாத்தியாரய்யா."

"ஐந்து ஆண்டு முடியும்வரை பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்."

வீரையா பேனாவை எடுக்கவில்லை. "ஐயா, இந்தக் கையில காப்பு இருக்கு" என்றார். "இதோட கையெழுத்துப் போட்டா ஆத்தா முன்னால சத்தியம் பண்ணின மாதிரி. நாளைக்கு எனக்கு முடியாமப் போனாலும், வீட்டுல ஒண்ணு ஆனாலும், புள்ளையக் கூப்பிட முடியாது. காப்பு இல்லாத கையின்னா வேற. காயிதம்தானேன்னு போட்டிருப்பேன்."

எத்தனையோ பெரிய மனிதர்கள் இப்படியான உறுதிமொழிகளுக்கு வாசிக்காமலே ஒப்பமிட்டு, வாசிக்காமலே மீறியதை நான் பார்த்திருக்கிறேன். அதுவுமில்லாமல் அந்த ஆண்டுகளில் லயத்துச் சனத்துக்குக் காகிதம் என்றாலே பயம். பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டு, 'நிராகரிக்கப்பட்டது' என்ற பதில் வராத குடும்பம் குறைவு. அரசாங்கத்திடமிருந்து வந்த எந்தத் தாள்தான் அவர்களுக்கு நல்லது செய்திருந்தது?

எனக்கு நேரம் பார்க்க ஆசை. பார்க்கவில்லை.

காளியம்மா வந்து கல்லின் மேலேயே உட்கார்ந்தார். மேசைக்கடியில், இரண்டு பக்கத்துக்கும் நடுவில். "போடுங்க" என்றார். "போடாட்டி நான் இங்கயிருந்து எந்திரிக்கமாட்டேன். அந்திப் பெரட்டுல என் பேரக் கூப்பிட்டா, கல்லுமேல இருக்கான்னு சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வீரையா சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார். முத்துலெட்சுமி சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அருளானந்தத்தின் பின்னால் நின்றாள்.

"அஞ்சு வருசம், புள்ள. எடையில வந்து அழக்கூடாது. படிப்பியா?"

"படிப்பேன்பா. நீ கையெழுத்தப் போடு. ஐயாவுக்கு நேரமாவுது."

வீரையா ஒருமுறை கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு பேனாவை எடுத்து, மண்வெட்டி பிடிக்கிற அழுத்தத்தோடு, தன் பெயரை எழுதினார். எழுத்துக்கு எழுத்து நின்று எழுதினார். மஞ்சள் துண்டு தாளில் உரசி, கடைசி எழுத்தின் பக்கத்தில் ஒரு கோடு விழுந்தது. துடைக்கப் போனார். "கிடக்கட்டும்" என்றேன். அதன் கீழே சாட்சியாக நான் ஒப்பமிட்டேன். நேரம், இடம் இரண்டையும் எழுதினேன்.

நான்கு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது தலைவரின் முன் படிவத்தை வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கோட்டைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"முத்திரை" என்றேன்.

வேறு ஏதும் பிழை இருக்கிறதா என்று தேடினார். நான் தயாரித்த தாளில் அது சுலபமில்லை. முன்வரிசையில் இருந்த புதுக் கோட்டு எழுந்து தேநீர் குடிக்கப் போனது.

வியாழக்கிழமை

மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள் தாயும் மகளும் காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முத்துலெட்சுமியின் கையில் ஒரு தகரப்பெட்டி. விடுதிப் பொறுப்பாளர் பதிவேட்டில் அவள் பெயரை எழுதி, உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். காளியம்மா, போ போ என்று கையால் காட்டினார்.

வாசலுக்கு வந்ததும், "ஐயா, ஒண்ணு சொல்லலாமா?" என்றார்.

"சொல்லுங்கோ."

"எங்களுக்குன்னு விழா வைக்கிறீங்க. நல்லது. நாளு குறிக்க முந்தி எங்கள ஒரு வார்த்த கேளுங்க."

நியாயமான முறைப்பாடு. சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

"அடுத்த வருசம் காப்புக் கட்டு எப்ப?"

"இப்ப எப்படிங்க தெரியும்? மாசி கடைசியில எல்லாரும் கூடிப் பேசித்தான் வைப்போம்."

"அந்தக் கூட்டத்துக்கு நானும் வாறன்."

"துரை விடமாட்டாரே?"

"விடவேண்டாம். நீங்கள் கல்லுக்கு உள்ளை கூடுங்கோ. நான் றோட்டிலை நிண்டு கேக்கிறன்."

காளியம்மா முதன்முறையாகச் சிரித்தார். "குடை கொண்டாங்க ஐயா" என்றார். "மாசிப் பனி பொல்லாதது."